ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐ: ரிப்போர்ட் பயமுறுத்தியது ஒன்று, வலிக்குக் காரணம் இன்னொன்று

ஏசிஎல் (முட்டிக்குள் கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைக்கிற நார்) ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் "கிராஃப்டில் சிக்னல் அதிகரித்துள்ளது, பகுதிக் கிழிசலாக இருக்கலாம்" என்று ஒரு வரி வந்தால், படிக்கிற ஆளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. கிராஃப்ட் என்றால் அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக வைக்கிற தசைநார். பெல்ட், வாக்கர், தினமும் பிசியோ என்று அவ்வளவு பட்டபிறகு மறுபடியும் கிழிந்துவிட்டதா என்றுதான் மனசு போகும். கடைசியில் என் கிராஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முட்டியில் வேறு ஒரு பிரச்சினை நிஜமாகவே இருந்தது, அதுவும் அதே ரிப்போர்ட்டில் யார் கண்ணிலும் படாத மாதிரி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. நான் டாக்டர் இல்லை, வாலிபால் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டு, அப்புறம் அதைப் பற்றிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட ஆள். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்ட கதை ரொம்பப் பேருக்கு நடக்கிற கதைதான். ஸ்மாஷுக்கு எகிறி ஒற்றைக் காலில் இறங்கினேன், பாதம் தரையில் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. முட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் முட்டி பூசணிக்காய் அளவு. முதல் எம்ஆர்ஐயில் ஏசிஎல் முழுசாக அறுந்திருந்தது, தொடை எலும்பின் வெளிப்பக்கத்திலும் கால் எலும்பின் பின்பக்க வெளி ஓரத்திலும் எலும்புக்குள் ரத்தக்கட்டு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. முட்டி நழுவும்போது அந்த இரண்டு இடங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால் வருவது அது. ஏசிஎல் கிழிசலில் அடிக்கடி பார்க்கிற ஜோடி.

ஆபரேஷனில் என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே இரண்டு தசைநார்களை எடுத்து, மடித்து நாலு மடிப்பாக்கி, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்துக் கட்டினார்கள். மேலே தொடை எலும்புப் பக்கம் ஒரு சின்ன டைட்டானியம் பட்டன், கீழே கால் எலும்பில் உடம்போடு கரையக்கூடிய ஸ்க்ரூ. இந்த விவரங்களை இப்போதே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனையும் படிக்க இவை வேண்டும். உங்களுக்கு எங்கிருந்து தசைநார் எடுத்தார்கள், முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ளதா, தொடையின் முன்பக்கமா, கணுக்காலுக்கு வெளிப்பக்கத்திலிருந்தா என்பது உங்களுக்கே தெரியாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஆறாவது மாதம் தாண்டியும் கால் முழுசாக நீட்டவில்லை. மடக்குவதில் குறையே இல்லை, குதிகால் பிட்டத்தைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் படுத்து நீட்டினால் முட்டிக்கு அடியில் விரல் போகிற அளவு இடைவெளி நிற்கும். பிசியோ தம்பி அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, மடக்குறதெல்லாம் சூப்பரா வருது, இந்தக் கடைசி கொஞ்சம்தான் அடம் பிடிக்குது. அழுத்துனா ஏதோ தடுக்குற மாதிரி இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் நின்றால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். நீட்டும்போது எப்போதாவது உள்ளே "டக்" என்று ஒன்று. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே இதில்தான் இருந்தது.

சரி, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று ஊரிலேயே ஒரு சென்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் இருந்தது "எம்ஆர்ஐ, வலது முழங்கால், வலி" என்பது மட்டும்தான். ஆபரேஷன் தேதி இல்லை, என்ன கிராஃப்ட் என்று இல்லை, நீட்ட வரவில்லை என்று இல்லவே இல்லை. உள்ளே போகும் முன் உடம்பில் உலோகம் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். டைட்டானியம் என்றதும் தலையாட்டிவிட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். அரைமணி நேரம் இரைச்சல், "சார், ஆடாம இருங்க" என்று இரண்டு மூன்று முறை மைக்கில் குரல். மறுநாள் அந்த ரிப்போர்ட்.

அதை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் அம்மா, "நல்லாத்தானப்பா நடக்குற, அந்தப் பேப்பர்ல என்ன இருந்தா என்ன" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மருத்துவரீதியாக அது ரொம்ப மோசமான கருத்து இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. முதலில் என்னைப் படுக்க வைத்து, முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். அடுத்து நல்ல காலிலும் அதே மாதிரி. இதற்கு லாக்மன் டெஸ்ட் என்று பெயர். எவ்வளவு நகர்கிறது என்பதோடு, இழுக்கும்போது கடைசியில் "கட்டுன கயிறு இழுபட்டு நின்ன மாதிரி" ஒரு நிறுத்தம் கிடைக்கிறதா என்பதும் முக்கியம் என்றார். எனக்கு நிறுத்தம் நன்றாகவே இருந்தது. முட்டியைத் திருப்பிப் பார்க்கிற இன்னொரு சோதனையிலும் நழுவவில்லை. "தம்பி, கிராஃப்ட் கிழிஞ்சிருந்தா என் கைக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப படத்தைப் பார்ப்போம்" என்று சிடியைப் போட்டார்.

அங்கேதான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. எம்ஆர்ஐயில் ஆரோக்கியமான தசைநார் கறுப்பாகத் தெரியும், நீர் டி2 என்ற வகைப் படங்களில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கறுப்பு என்றால் குறைந்த சிக்னல், வெள்ளை என்றால் அதிக சிக்னல். வைத்த புதிதில் கிராஃப்ட் கறுப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது வேறு இடத்தில் நல்லபடியாக இருந்த தசைநார்தானே. ஆனால் இடம் மாற்றியதும் அதன் ரத்த ஓட்டம் போய்விடுகிறது. அடுத்து வருகிற மாதங்களில் சுற்றியுள்ள திசுவிலிருந்து புது ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைகின்றன, பழைய செல்கள் போய்ப் புதுசு வருகின்றன, நார்கள் கலைந்து மறுபடி அடுக்கப்படுகின்றன. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடி மஞ்சளடித்து, வேர் பிடித்தபிறகு பச்சை கட்டுகிற மாதிரிதான். அந்த நடுக்காலத்தில் எம்ஆர்ஐ எடுத்தால் கிராஃப்ட் கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறத்தில், சில இடங்களில் திட்டுத்திட்டாகத் தெரியும். மூன்றாவது மாதத்துக்கு மேல் தொடங்கி ஆறு மாத வாக்கில் இது தூக்கலாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் மெல்லக் கறுத்து, பலருக்கு இரண்டு வருட வாக்கில் சொந்த ஏசிஎல் மாதிரி ஆகிவிடும். நான் ஸ்கேன் எடுத்தது சரியாக அந்த உச்சத்தில்.

தொடைத் தசைநார் கிராஃப்டில் இன்னொன்றும் உண்டு. நாலு மடிப்பு என்றால் மடிப்புகளுக்கு நடுவே நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், கொஞ்சம் திசுவோ நீரோ அங்கே இருக்கும். கிராஃப்டின் நீளத்தோடு போகிற கோடு பெரும்பாலும் கவலைக்குரியது இல்லை. நார்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற, நீர் அளவுக்குப் பளிச்சென்று இருக்கிற வெள்ளைதான் சந்தேகத்துக்குரியது. எனக்கு ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட் மீது எனக்குக் கோபம் கொஞ்சம் உண்டு, ஆனால் அவரிடம் ஆபரேஷன் நடந்து எத்தனை மாதம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆன கிராஃப்டில் அதே சாம்பல் நிறம் புதிதாக வந்திருந்தால் சந்தேகப்படுவது நியாயமே. ஒரே படத்துக்குத் தேதியைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

நிஜமாகக் கிழிந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கிராஃப்ட் தொடர்ச்சியில்லாமல் நடுவில் நீர் புகுந்திருக்கும், அல்லது தொய்ந்து படுத்திருக்கும், அல்லது இருக்க வேண்டிய இடத்தில் ஆளே இருக்காது. அது தவிர மறைமுக அடையாளங்கள்: கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியில் முன்பக்கம் நகர்ந்து நிற்கும், அதனால் பின்னால் உள்ள பிசிஎல் என்ற இன்னொரு நார் வழக்கத்தைவிட அதிகமாக வளைந்து தெரியும். முதல் அடியில் வந்த அதே வெளிப்பக்க எலும்பு ரத்தக்கட்டு ஜோடி புதிதாக மறுபடி தெரியும். என் படத்தில் இது எதுவும் இல்லை. புதிதாக அடிபடவும் இல்லை, முட்டி வாரிவிடவும் இல்லை. ஒரு சம்பவமும் இல்லாமல், முட்டி கெட்டியாக இருக்கும்போது, பேப்பரில் மட்டும் "கிழிசல்" வந்தால் அவசரப்படாமல் சர்ஜன் கையை முட்டியில் வைக்கும்வரை பொறுங்கள்.

அப்புறம்தான் அவர் ரிப்போர்ட்டை எடுத்தார், எடுத்து இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். "கிராஃப்டின் முன்புறம், எலும்பு இடுக்கில், சிறு முடிச்சு போன்ற திசு." அவ்வளவுதான், முடிவுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "நீட்ட வரலைன்னு சொன்னீங்களே, இதுதான் அங்க ஆப்பு மாதிரி மாட்டுது." இதற்கு சைக்ளாப்ஸ் என்று பெயர், கிரேக்கக் கதையில் வருகிற ஒற்றைக்கண் அரக்கன். முட்டிக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது ஒற்றைக் கண் மாதிரித் தெரிவதால் 1990-ல் ஜாக்சன், ஷாஃபர் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வழக்குக்கு வந்தது. கிராஃப்ட் கால் எலும்பில் நுழைகிற இடத்துக்கு முன்னால் தழும்புத் திசு உருண்டையாகத் திரண்டுவிடும். காலை மடக்கும்போது அது யாரையும் தொந்தரவு செய்யாது, நீட்டும்போது தொடை எலும்பின் கூரைக்கும் கால் எலும்புக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். கடைசிச் சில டிகிரி வராதது, முன்பக்க வலி, "டக்" சத்தம், மூன்றுக்கும் ஒரே காரணம். பிசியோ தம்பியின் கைக்குத் தடுக்கிற மாதிரி பட்டதும் இதுதான்.

இதைப் படித்துவிட்டு உங்கள் ரிப்போர்ட்டில் சைக்ளாப்ஸ் என்று தேடத் தொடங்காதீர்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களின் எம்ஆர்ஐயிலும் இப்படிச் சின்ன முடிச்சுகள் தெரிவதுண்டு. கால் முழுசாக நீளுகிறது, வலி இல்லை என்றால் அதைக் கிண்டி எடுக்க வேண்டியதில்லை. நீளுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய வழி உண்டு: கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே உள்ள பகுதி இரண்டும் கட்டில் ஓரத்துக்கு வெளியே தொங்குகிற மாதிரி விட்டுவிட்டு, இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று யாரையாவது பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குதிகால் மேலே நிற்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தோராயமாக ஒரு டிகிரி குறைகிறது என்று கணக்கு. நீட்டுவது மடக்குவதைவிட முக்கியம் என்று எனக்கு ஆரம்பத்திலேயே ஆயிரம் தடவை சொன்னார்கள். வலிக்குப் பயந்து முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிற பழக்கம் அதற்கு நேர் எதிரி.

எனக்கு முடிச்சை எடுக்க வேண்டியிருந்தது. பிசியோவில் இத்தனை மாதம் முயன்றும் அசையவில்லை, எதிரில் ஒரு ஆப்பு இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் வலிதான் மிச்சம். அதே பழைய சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு ஷேவரால் செதுக்கி எடுத்தார்கள். உள்ளே போனபோது கிராஃப்டையும் கொக்கியால் இழுத்துப் பார்த்திருக்கிறார், இறுக்கமாக, மேலே மெல்லிய ரத்தக் குழாய்களோடு மூடியிருந்ததாம். ஸ்கேனில் "கிழிசல்" என்று தெரிந்த அதே சாம்பல் நிறம். மேஜையிலேயே கால் முழுசாக நீண்டுவிட்டது. அதைத் தக்கவைத்துக்கொள்ள மறுநாளிலிருந்தே பயிற்சி, அதில் சலுகை கிடையாது.

நீட்ட வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் துளையின் இடத்தையும் அவர் காட்டினார். பக்கவாட்டுப் படத்தில் தொடை எலும்பு இடுக்கின் கூரை ஒரு சாய்ந்த கோடாகத் தெரியும், ப்ளூமன்சாட் கோடு என்பார்கள். கால் நீட்டியிருக்கும்போது கால் எலும்பில் போட்ட துளை அந்தக் கோட்டுக்குப் பின்னால், ஏறத்தாழ அதற்கு இணையாக இருக்க வேண்டும். துளை முன்னால் வந்துவிட்டால் ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் கூரை கிராஃப்டின் மேல் உரசும். அப்படி உரசினாலும் கிராஃப்டின் சிக்னல் கூடும். ஆக "சிக்னல் அதிகம்" என்ற ஒரே சொல் வளர்ச்சியாகவும் இருக்கலாம், உரசலாகவும் இருக்கலாம், கிழிசலாகவும் இருக்கலாம். என் துளை சரியான இடத்தில் இருந்தது, ஆனால் ரிப்போர்ட்டில் துளை எங்கே இருக்கிறது என்றே எழுதப்படவில்லை. சர்ஜரிக்குப் பிந்தைய எம்ஆர்ஐயில் அது கட்டாயம் வேண்டிய விவரம் என்பது என் கருத்து.

படத்தில் நான் பயந்த இன்னும் சில சமாச்சாரங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புப் பகுதியில் கறுப்புக் கோடுகள்: கேமரா போன பாதையின் தழும்பு. அங்கங்கே கறுப்புப் புள்ளிகள்: துளை போடுகிற, செதுக்குகிற கருவிகளிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள், எம்ஆர்ஐ அதை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். துளைக்குள் கொஞ்சம் நீர்: முதல் வருடத்தில் சகஜம். வருடங்கள் போனபிறகும் நீர்க்கட்டியாகப் பெருத்தாலோ துளை அகன்றாலோ கவனிக்க வேண்டும். தசைநார் எடுத்த இடத்தில் முதலில் வெறும் இடமாக இருந்துவிட்டு, பலருக்கு நாளாவட்டத்தில் அங்கே தசைநார் மாதிரியே ஒன்று மறுபடி வளர்ந்துவிடும், படத்திலேயே தெரியும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட ஆச்சரியம்.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியம் பட்டன், ஸ்க்ரூ இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாம், காந்தம் பிடுங்கிக்கொண்டு போகாது. ஆனாலும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், என்ன பொருள் என்று தெரிந்தால்தான் டெக்னீஷியன் படத்தின் அமைப்பை மாற்ற முடியும். உலோகத்தைச் சுற்றிப் படம் கலையும், கறுப்பு ஓட்டையும் ஓரத்தில் வெள்ளை விளிம்புமாக. "3 டெஸ்லா மெஷின் சார், பெஸ்ட் குவாலிட்டி" என்று கூடுதல் பணம் கேட்டால் ஒரு நிமிடம் யோசியுங்கள். உலோகம் உள்ள முட்டியில் காந்தம் பலமாக ஆக ஆகக் கலைவதும் கூடும், 1.5 டெஸ்லாவே பல நேரம் நல்லது. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்குவதற்கு ஸ்டிர் என்றொரு முறை இருக்கிறது, உலோகம் இருக்கும்போது வழக்கமான முறையைவிட அது தெளிவாக வரும். கரைகிற ஸ்க்ரூவாலோ பீக் என்ற பிளாஸ்டிக் வகை ஸ்க்ரூவாலோ இந்தக் கலைப்பு வராது.

மெனிஸ்கஸை, அதாவது முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பை, தைத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் டீமில் ஒருத்தனுக்கு ஏசிஎல்லோடு மெனிஸ்கஸும் தைத்தார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் "பின் பகுதியில் கிரேடு 3 கிழிசல்" என்று வந்துவிட்டது. நம் ஆட்கள் இரண்டையும் ஜவ்வு என்றுதான் சொல்வோம், அதனால் ஊருக்குள் அவனுக்கு மறுபடி ஜவ்வு கிழிந்துவிட்டதாகவே செய்தி பரவியது. தைத்து ஆறிய மெனிஸ்கஸில் அந்தப் பழைய கோடு ரொம்ப நாளைக்கு, சில சமயம் வருடக்கணக்கில், வெள்ளையாகவே தெரியும். கோட்டுக்குள் நீர் புகுந்த அளவுக்குப் பளிச்சென்று இருக்கிறதா, துண்டு இடம் மாறியிருக்கிறதா, தைக்காத வேறு இடத்தில் கிழிந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கிற எம்ஆர்ஐ ஆர்த்ரோகிராம் உதவும். அவனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. மூட்டுக் கோட்டில் அழுத்தினால் வலி இல்லை, முட்டி மாட்டவில்லை, நீர் கோக்கவில்லை. இப்போது என்னைவிட நன்றாக எகிறுகிறான்.

தொந்தரவு எதுவும் இல்லாமல் "ஒரு வருஷம் ஆச்சே, எதுக்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்து வச்சிக்குவோம்" என்று எடுக்காதீர்கள் என்றுதான் என்னைக் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். ஆறாயிரம் ஏழாயிரம் போவதோடு தூக்கமும் போகும். கிரவுண்டுக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கும் அது பதில் சொல்லாது. அதற்கு முன் தொடைத் தசையின் பலம் மற்ற காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வந்திருக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடிகிறதா என்று சோதிக்க வேண்டும், காலமும் ஆக வேண்டும். 2016-ல் வந்த ஒரு ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஏழாவது மாதம் எம்ஆர்ஐ கறுப்பாக வந்துவிட்டது என்பதற்காகக் களத்தில் இறங்குவது வீண் துணிச்சல்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் சீட்டில் முழுசாக எழுதச் சொல்லி வாங்குங்கள். எனக்கு இப்போது எழுத வேண்டியிருந்தால் இப்படி இருக்கும்: "வலது முழங்கால் ஏசிஎல் மறுசீரமைப்பு, இந்த மாதம், இந்த வருடம், தொடைத் தசைநார் நாலு மடிப்பு, மேலே டைட்டானியம் பட்டன், கீழே கரையும் ஸ்க்ரூ, மெனிஸ்கஸ் தைக்கவில்லை, கடைசி ஐந்து டிகிரி நீட்ட வரவில்லை, முன்பக்க வலி, புதிதாக அடிபடவில்லை, கிராஃப்டின் தொடர்ச்சி, துளையின் இடம், முன்பக்கம் முடிச்சு உண்டா என்று பார்க்கவும்." டாக்டர் அவசரத்தில் இருந்தால் நீங்களே ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ் பிரதியோடு சென்டரில் கொடுங்கள், வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்லப் போவதில்லை. வலது இடது சரியாக எழுதியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழைய படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்து, அவற்றோடு ஒப்பிட்டு எழுதுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டால் ரிப்போர்ட்டின் தரமே மாறுகிறது. என் படங்களையே ஆபரேஷன் விவரங்களோடு இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் சர்ஜன் அனுப்பியபோது, "கிராஃப்ட் தொடர்ச்சியாக உள்ளது, மாதத்துக்கேற்ற மாற்றம், முன்புறம் சைக்ளாப்ஸ் முடிச்சு" என்று வந்தது. படம் ஒன்றுதான்.

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அதில் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சில படங்கள்தான் இருக்கும், சர்ஜன் ஒவ்வொரு அடுக்காக உருட்டிப் பார்க்க முடியாது. சிடி கேளுங்கள், பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். போனுக்கு லிங்க் அனுப்புகிறோம் என்பார்கள், அது கொஞ்ச நாளில் திறக்காது, வந்த அன்றே இறக்கிவிடுங்கள்.